முதுகுவலிக்கும் வரிக்கணக்குக்கும் என்ன சம்பந்தம்?

"டாக்டர்... கழுத்துலேர்ந்து கை வரைக்கும் மரத்துப் போகுது. ராத்திரியில தூக்கமே இல்ல!"

இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தார் ஓர் அம்மா. வயது நாற்பத்திரண்டு. வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் போட்டுத் தரும் இன்ஜினீயர். நாடி பார்த்தேன். வாதம் மிகுந்திருந்தது. கை மரத்துப் போவதால் எலும்பு மருத்துவரையும் ஒரு முறை பார்த்துவிடச் சொன்னேன்.

"எதுல உட்கார்ந்தும்மா வேலை பார்க்கறீங்க?"

"சாப்பாட்டு மேஜை நாற்காலிதான் டாக்டர். நல்ல சேர் 12,000 ரூபாய் சொல்றாங்க. பிள்ளைங்க ஃபீஸ் கட்டவே திணறுது. இதுல எனக்கு எதுக்கு அந்தச் செலவு?"

வாசகர்களே, கோளாறு இங்கேதான் ஆரம்பம்! அந்த நாற்காலி 'எனக்கான' செலவு அல்ல, தொழிலுக்கான செலவு. வருமான வரிச் சட்டமே அப்படித்தான் பார்க்கிறது.

வீட்டு முன்னறையிலேயே வைத்தியம் பார்ப்பவன் என்பதால் இந்தக் கணக்கு எனக்குப் பழக்கம். 900 சதுர அடி வாடகை வீட்டில் 135 சதுர அடி அறையைத் தொழிலுக்கென்றே ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். அது 15 சதவீதம். மாத வாடகை 20,000 என்றால் அதில் 3,000 ரூபாய் தொழில் செலவு. வருடத்துக்கு 36,000! மின்சாரம், இன்டர்நெட், போன் ஆகியவற்றிலும் தொழிலுக்குப் பயன்பட்ட பங்கைச் சேர்க்கலாம். சொந்த வீடானால் உங்களுக்கு நீங்களே வாடகை போட்டுக்கொள்ள முடியாது. வீட்டு வரி, ரிப்பேர், இன்ஷூரன்ஸ் இவற்றில் உரிய பங்கைக் காட்டலாம்.

நாற்காலி, மேஜைக்கு ஆண்டுக்கு 10 சதவீதமும், கம்ப்யூட்டருக்கு 40 சதவீதமும் தேய்மானம் உண்டு. வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதிதான். ஒன்றை மறக்காதீர்கள்: ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு கணக்கில் ஏறாது. செக் அல்லது யு.பி.ஐ.தான் நல்லது. பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

"அப்படின்னா முதுகுவலி வைத்தியச் செலவையும் காட்டிடலாமா டாக்டர்?" என்று கேட்டார் அந்த அம்மா.

அதுதான் முடியாது! முன்னாள் மத்திய சட்ட அமைச்சர் சாந்தி பூஷண், வழக்கறிஞர் தொழில் நடத்த இதயம் வேண்டுமே என்று தன் இதய அறுவைச் சிகிச்சைச் செலவைத் தொழில் செலவாகக் காட்டினார். டெல்லி உயர் நீதிமன்றம் 2011-ல் அதை ஏற்கவில்லை. ஆக, நாற்காலி தொழில் செலவு. நாற்காலி வாங்காமல் வந்த வலிக்கான மருந்தோ சொந்தச் செலவு!

இன்னொரு சுலப வழியும் உண்டு. மருத்துவர், வக்கீல், இன்ஜினீயர், கணக்காளர் போன்றோர் ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம்) வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். மீதிப் பாதி செலவு என்று சட்டமே ஏற்றுக்கொள்கிறது. வாடகை, தேய்மானம் எல்லாம் அதற்குள் அடக்கம். தனியாகக் கழிக்க முடியாது. உண்மைச் செலவு பாதிக்கு மேல் போனால்தான் முழுக் கணக்கு எழுதும் வழி லாபம். அதற்குத் தணிக்கையும் தேவைப்படலாம் என்பதால் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் ஆண்டின் புதிய வரிச் சட்டம் என்பதால் பழைய பிரிவு எண்களை வைத்துக்கொண்டு குழம்ப வேண்டாம்.

அந்த அம்மாவின் வருட வரவு 14 லட்சம். இந்தச் சுலப வழியில்தான் கணக்குக் காட்டுகிறார். "சட்டம் உங்க தொழில் செலவுக்குன்னு 7 லட்சம் ஒதுக்கி வெச்சிருக்கு. அதுல உங்க முதுகுக்கு 12,000 கிடையாதாம்மா?" என்றேன். ஒன்றும் பேசாமல் சிரித்தார்.

இன்னொரு விஷயத்தையும் சொன்னேன். வரி குறையாவிட்டாலும் செலவை எழுதி வையுங்கள். அறை வாடகையும் கரண்டும் தெரியாமல் ஃபீஸ் சொன்னால், குறைந்த கூலிக்கு ராத்திரியெல்லாம் கண் விழிக்க வேண்டியிருக்கும். அதுவும் வாதத்தைக் கிளப்பும்!

கூடவே இவற்றையும் செய்யுங்கள்: திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்கட்டும். பாதம் தரையில் பதியட்டும். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நடங்கள். வேலை மும்முரத்தில் சிறுநீரை அடக்காதீர்கள். அடக்கக் கூடாத 14 வேகங்களில் அதுவும் ஒன்று என்கிறது சித்த மருத்துவம். வலி இருந்தால் உளுந்துத் தைலத்தை இளஞ்சூடாகத் தடவி, வதக்கிய நொச்சி இலையால் ஒத்தடம் கொடுங்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா வந்தார். புது நாற்காலி வாங்கியாயிற்றாம். கை மரப்பு பாதியாகக் குறைந்திருந்தது. கையில் ஒரு நோட்டு. முதல் பக்கத்தில் முதல் வரியாக 'நாற்காலி - 12,000' என்று எழுதியிருந்தார்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் வீட்டிலேயே உழைத்துச் சம்பாதிக்கிறாரா? இன்றைக்கே அவருக்கும் ஒரு நோட்டு போடுங்கள். செலவு கணக்கில் ஏறட்டும். வலி உடம்பில் ஏற வேண்டாம்!