முதல் ஓட்டுக்கு மறுநாள்

2016 நவம்பர் 9 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஹோ பிளாசா திடலில் மாணவர்கள் கூட்டமாக உட்கார்ந்து அழுதார்கள். முந்தைய நாள் நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் டொனால்ட் டிரம்ப் ஜெயித்திருந்தார். பல்கலைக்கழக ஊழியர்கள் போர்வை, டிஷ்யூ பேப்பர், சூடான சாக்லேட் பானம் எல்லாம் கொண்டுவந்து கொடுத்தார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் மடியில் வைத்துக் கொஞ்சப் பூனைகளும் ஒரு நாய்க்குட்டியும் வந்து சேர்ந்தன.

செய்தி வெளியானதும் நாடெங்கும் கேலி கிளம்பியது. தேர்தலில் தோற்றதற்கா இந்த அழுகை, தொட்டாற்சிணுங்கிப் பிள்ளைகள் என்றார்கள். அந்தக் கேலி எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

தேர்தல் முடிந்து இரண்டு மூன்று மாதங்கள் ஆன பிறகு அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் 769 மாணவர்களிடம் விசாரித்தார்கள். வேண்டாம் என்றாலும் அந்த நினைப்பு வந்துகொண்டே இருக்கிறதா, அந்தப் பேச்சை எடுத்தாலே ஒதுங்கிப் போகத் தோன்றுகிறதா என்பது போன்ற கேள்விகள். நான்கில் ஒருவருக்கு மனஉளைச்சல் மருத்துவர்கள் கவனிக்க வேண்டிய அளவுக்கு இருந்தது. இதை நோய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஓர் இரவு அழுது மறுநாள் மறந்துபோகிற விஷயமும் இல்லை. பெண்கள், கறுப்பின மாணவர்கள், கிறிஸ்தவர் அல்லாதவர்கள், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் ஆகியோரிடம் பாதிப்பு கூடுதலாகத் தெரிந்தது.

அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. சிறு வயதில் பெற்றோரோடு ஆவணமில்லாமல் அமெரிக்கா வந்து, ஒபாமா 2012-ல் கொண்டுவந்த டாக்கா திட்டத்தால் படிக்கவும் வேலை பார்க்கவும் முடிந்த இளைஞர்கள் சுமார் ஏழு லட்சம் பேர். அதை ரத்து செய்வேன் என்பது டிரம்பின் பிரச்சார வாக்குறுதி. அடுத்த செப்டம்பரில் ரத்து அறிவிப்பும் வந்தது. இவர்களுக்கு ஓட்டு கிடையாது. விடுதியில் இவர்களோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர்களுக்கு இருந்தது. டிரம்பை எதிர்த்து நின்ற ஹிலாரி கிளிண்டன் நாடு முழுவதும் ஏறத்தாழ 29 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியும் மாநிலவாரித் தேர்வாளர் கணக்கில் தோற்றார் என்று தெரியவந்தபோது, முதல் ஓட்டைப் போட்ட அந்த நண்பர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

முப்பது வயதுக்குட்பட்ட வாக்காளர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் டிரம்புக்கே ஓட்டுப் போட்டிருந்தார்கள். அவர்களில் சிலர் கல்லூரியில் தங்கள் சந்தோஷத்தை வெளியே சொல்லத் தயங்கினார்கள். அதுவும் ஒரு பாரம்தான்.

அந்த நாட்களில் என் மனதுக்கு நெருக்கமாகப் பட்டது நியூயார்க்கில் நடந்தது. மேத்யூ சாவேஸ் என்ற இளம் கலைஞர் பதினான்காம் தெரு சுரங்க ரயில் நிலையத்தின் நடைபாதையில் ஒரு சின்ன மேஜை போட்டு, ஒட்டும் காகிதத் துண்டுகளும் பேனாக்களும் வைத்தார். மனதில் இருப்பதை எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள், அவ்வளவுதான். ரயிலைப் பிடிக்க ஓடியவர்கள் நின்றார்கள். எழுதினார்கள். முன்பின் தெரியாதவர் எழுதியதைப் படித்துக் கண்கலங்கினார்கள். சில நாட்களில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் பச்சையுமாகச் சுவர் ஓடு தெரியாமல் மூடிப்போயிற்று. பிறகு அவற்றில் ஆயிரக்கணக்கானவற்றை நியூயார்க் வரலாற்றுச் சங்கம் பாதுகாக்க எடுத்துக்கொண்டது.

வீட்டில் அப்படிப்பட்ட சுவர் கிடைக்கவில்லை. தேர்தல் முடிந்து இரண்டே வாரத்தில் நன்றி நவிலல் பண்டிகை, குடும்பமே கூடி உண்ணும் நாள். செல்போன் இருப்பிடத் தகவல்களை வைத்து ஆராய்ந்த இரு பொருளாதார அறிஞர்கள், எதிரெதிர் கட்சிப் பகுதிகளைச் சேர்ந்த உறவினர்கள் கூடிய விருந்துகள் மற்ற விருந்துகளைவிட 30 முதல் 50 நிமிடம் குறைவாகவே நீடித்தன என்று 2018-ல் எழுதினார்கள். சண்டையை வளர்க்க விரும்பாமல் எழுந்து போனவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

இவ்வளவு வேதனை எதற்கு, செய்தி பார்ப்பதை நிறுத்து, வேறு வேலையைப் பார் என்று பெரியவர்கள் சொல்வது இயல்பு. தூக்கம் கெட்டுப்போன பிள்ளைக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் பிரெட் ஃபோர்டும் மேத்யூ ஃபெயின்பெர்க்கும் சகாக்களோடு அமெரிக்கர்களின் அன்றாட உணர்வுகளைக் குறித்து வாங்கி ஆராய்ந்தபோது வேறொன்றும் தெரிந்தது. அரசியல் தரும் வேதனையைத் திசைதிருப்பி ஆற்றிக்கொண்டவர்களுக்கு மனம் லேசானது, கூடவே அரசியலில் ஏதாவது செய்ய வேண்டும் என்ற உந்துதலும் குறைந்தது. அதனால்தான் அழுகிற பிள்ளையிடம் 'விட்டுத் தள்ளு' என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அழட்டும், தூங்கட்டும், ஒரு வாரம் செய்தியே பார்க்காமல் இருக்கட்டும். அதன் பிறகு, அந்த வேதனையை எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்தலாம் என்று அவர்களோடு உட்கார்ந்து பேச ஒரு பெரியவர் வேண்டும்.

வேதனை வாக்குச்சாவடிவரை போனதும் உண்டு. 2014 இடைக்காலத் தேர்தலில் முப்பது வயதுக்குட்பட்டோரில் 13 சதவீதம் பேர்தான் ஓட்டுப் போட்டதாக டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மையம் மதிப்பிட்டது. 2018-ல் அது 28 சதவீதம். 2016-ன் கண்ணீர் மட்டுமே இதற்குக் காரணமல்ல. 2018 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்து 17 பேர் இறந்தார்கள். உயிர்பிழைத்த மாணவர்கள் கோடை விடுமுறையில் பேருந்து எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் இளைஞர்களை வாக்காளர்களாகப் பதிவு செய்தார்கள். அவர்களில் பலருக்கு 2016-ல் ஓட்டுப் போடும் வயதே ஆகியிருக்கவில்லை.