ஜீவனாம்சமும் போதகரின் கடமையும்

கணவன் மனைவி பிணக்கு போதகர் இல்லத்தின் வாசலுக்கு வரும்போது நாம் முதலாவது நாடுவது ஒப்புரவாகுதலையே. அது நமது அழைப்புக்கு ஏற்றதே. ஆயினும் ஒப்புரவு கைகூடாவிடில், மனைவியும் பிள்ளைகளும் எதைக்கொண்டு பிழைப்பார்கள்? இக்கேள்விக்கு நாட்டின் சட்டம் தரும் விடையே ஜீவனாம்சம்.

இந்தியக் கிறிஸ்தவருக்கு இதில் இரண்டு வழிகள் முக்கியமானவை. முதலாவது, 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். அதன் 36ஆம் பிரிவு வழக்கு நடைபெறும் காலத்திற்கும், 37ஆம் பிரிவு தீர்ப்புக்குப் பின்னும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடைக்க வகைசெய்கின்றன. இடைக்காலத் தொகை கணவனின் சராசரி நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது என்றிருந்த வரம்பு 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கிற்று. இரண்டாவது, எல்லா மதத்தினருக்கும் பொதுவான குற்றவியல் நடைமுறைச் சட்டம். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 125ஆம் பிரிவாயிருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக விளங்குகிறது. தன்னைப் பராமரிக்க இயலாத மனைவியும், விவாகரத்துக்குப்பின் மறுமணம் செய்யாதவளும் இதன்படி விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளுக்கும் வயது சென்ற பெற்றோருக்கும் இதே பிரிவு துணைநிற்கிறது. விண்ணப்பித்த நாள்முதலே ஜீவனாம்சம் வழங்கப்படவேண்டும் என 2020இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, “சற்றுப் பொறுத்திரு” என்று நாம் கூறும் ஒவ்வொரு மாதமும் அவளுக்கு நஷ்டமாகலாம்.

இன்னொரு விதியைப் போதகர் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். இருவரும் பரஸ்பர சம்மதத்தினால் பிரிந்து வாழ்வார்களாயின், இப்பிரிவின்கீழ் மனைவிக்கு உரிமையில்லை. இதை நான் துயரத்தோடு கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன், சண்டை ஓயட்டும் என்றெண்ணி, ஒரு தம்பதியர் மனமொத்துச் சிலகாலம் பிரிந்திருக்கச் சம்மதிப்பதாக நானே ஒரு தாள் எழுதி, சாட்சியாகக் கையொப்பமுமிட்டேன். கணவர் பின்பு ஒரு காசும் அனுப்பவில்லை. அந்தச் சகோதரி நீதிமன்றம் சென்றபோது, அவளுக்கு விரோதமாக நீட்டப்பட்டது என் தாளே. மனு தள்ளுபடியாயிற்று. தையல் இயந்திரம் ஒன்றைக்கொண்டு அவள் இரு பிள்ளைகளை வளர்த்தாள். என்னை ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. அதுவே எனக்கு அதிக பாரமாயிற்று.

விசுவாசிகள் நீதிமன்றம் செல்லலாமா என்று சிலர் 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தைக் காட்டுவர். ஆனால் அப்பகுதியிலேயே பவுல், சகோதரருக்கு அநியாயஞ்செய்து அபகரிப்போரையும் கண்டிக்கிறார். அபகரித்தவனை விட்டுவிட்டு, இழந்தவளை மட்டும் அவ்வசனத்தால் தடுப்பது முறையன்று. யாத்திராகமம் 21:10, அடிமையாய் வந்த மனைவிக்குங்கூட உணவும் உடையும் குறைக்கப்படலாகாது என்று விதிக்கிறது. மாற்கு 7ஆம் அதிகாரத்தில், கொர்பான் என்னும் காணிக்கையைக் காட்டிப் பெற்றோரைப் பராமரியாமல் விடுவதை ஆண்டவர் கடிந்துகொள்கிறார். மனைவியைப் பட்டினியிட்டுச் சபைக்குத் தாராளமாய்க் கொடுப்பவரின் காணிக்கையைப் பற்றியும் நாம் சிந்திக்கவேண்டும்.

ஆகவே, சமரசம் பேசுவோம். ஆனால் சட்டம் அறிந்தவரைக் கேளாமல் எந்தத் தாளும் எழுதாதிருப்போம். திருமணச் சான்றிதழைத் தாமதமின்றி வழங்குவோம். நீதிமன்றப் படியேறும் சகோதரியோடு சபையார் ஒருவரை அனுப்புவோம். ஜீவனாம்சம் கேட்பவள் கணவனைப் பழிவாங்குகிறாள் என்று எண்ணவேண்டாம். திருமணத்தில் அவன் ஏற்ற பொறுப்பையே அவள் நினைப்பூட்டுகிறாள்.