ஏரி மாறிய வென்டேஸ்

பனியூழி முடிந்தபின் பிரித்தானியாவின் குளிர்ந்த சில ஏரிகளில் எஞ்சி நின்ற வென்டேஸ் என்னும் வெள்ளிநிற மீன், அந்நாட்டு நன்னீர் மீன்களுள் மிக அரியதாகக் கருதப்படுகிறது. ஸ்காட்லாந்தில் லோக்மேபன் ஊரையடுத்த இரண்டு ஏரிகளும், இங்கிலாந்தின் கம்பிரியா பகுதியிலுள்ள பாஸந்த்வெயிட், டெர்வென்ட்வாட்டர் ஏரிகளும் மட்டுமே அதன் இயற்கை வாழிடங்களாக அறியப்பட்டிருந்தன. முதலிரண்டிலும் அது 20ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போயிற்று.

நீரில் மிதக்கும் நுண்விலங்குகளை உண்டு வாழும் இம்மீன், குளிர்காலத் தொடக்கத்தில் தூய சரளைக்கற்களின் மேல் முட்டையிடுகிறது. இளவேனில்வரை பொரியாமல் கிடக்கும் அம்முட்டைகளுக்குக் கற்களின் இடுக்குகளில் ஆக்சிஜன் நிறைந்த நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பாஸந்த்வெயிட்டிலோ, கழிவுநீரோடு வந்த பாஸ்பரஸ் பாசியைப் பெருக்க, மடிந்த பாசி அழுகும்போது அடிநீரின் ஆக்சிஜன் குறைந்தது. மலைச்சரிவுகளிலிருந்து வந்த வண்டல் சரளையை மூடியது. பைக் மீனைப் பிடிக்க உயிருள்ள இரையாகத் தூண்டில்காரர்கள் கொண்டுவந்த ரஃப் என்னும் அயல்மீனும் அங்கே பெருகி, வென்டேஸின் முட்டைகளைத் தின்னத் தொடங்கியது.

அழியும் நிலையிலுள்ள உயிரினத்தின் ஒரு பகுதியை, தாயகத்தில் அது அற்றுப்போகுமுன் வேறிடத்தில் குடியேற்றுவதைக் காப்பு இடமாற்றம் என்பர். இதில் மீனைச் சுமந்து செல்வது எளிய பகுதி. எந்த நீர்நிலைக்கு என்று முடிவெடுப்பதே கடினம். நீர் ஆழமும் குளிர்ச்சியும் உடையதாக, முட்டையிடச் சரளையுள்ளதாக, முட்டை தின்னும் மீன்கள் அற்றதாக இருப்பதோடு, புதிதாக வரும் மீனால் அங்குள்ள உயிர்களுக்குக் கேடு நேராது என்பதும் உறுதிப்பட வேண்டும். இக்கேள்விகளைக் கேளாமல் வாளியில் மீனைக் கொண்டுவந்ததன் விளைவுதான் ரஃப். ஆகவே நோயும் மருந்தும் இங்கே ஒரே செயலின் இரு வடிவங்கள்.

இத்தகைய தேர்வில் தெரிந்தெடுக்கப்பட்டது தெற்கு ஸ்காட்லாந்தில் சுமார் 500 மீட்டர் உயரத்திலுள்ள லோக் ஸ்கீன் என்னும் மலையேரி. அதிலிருந்து வழியும் நீர் கிரே மேர்ஸ் டெயில் என்னும் உயர்ந்த அருவியாக விழுவதால், கீழிருந்து அயல்மீன்கள் தாமாக ஏறிவர இயலாது. வளர்ந்த வென்டேஸ் கைபட்டால் செதில் உதிர்ந்து எளிதில் மடியக்கூடியது என்பதால், சினை மீன்களின் முட்டையைப் பிதுக்கியெடுத்து, ஆண் மீனின் விந்தோடு கலந்து கருவுறச்செய்து, அதிலிருந்து குடியேற்றத்தைத் தொடங்குவதே இவ்வின மீன்களுக்கு ஏற்ற முறை. இதற்குப் பெற்றோர் மீன்கள் பலவாக இருத்தல் வேண்டும். சிலவற்றின் வழித்தோன்றல்களே பெருகினால் மரபணு வேறுபாடு குறுகி, நோயையும் மாறும் தட்பவெப்பத்தையும் தாங்கும் திறன் குன்றும். 1997இலும் 1999இலும் பாஸந்த்வெயிட் வழி வந்த மீன்கள் லோக் ஸ்கீனில் விடப்பட்டன. அவை நிலைபெற்று இனம் பெருக்குவதைப் பிந்தைய வலை ஆய்வுகள் காட்டின.

அதற்குள் 2001இல் பாஸந்த்வெயிட்டில் வென்டேஸ் அற்றுப்போனதாக முடிவுகட்டப்பட்டது. எனவே அவ்வேரியின் மரபுவழி ஒரு மலையேரியை நம்பியே நின்றது. டெர்வென்ட்வாட்டர் மீனுக்கும் அத்தகைய காப்பு தேவை என்று 2011இல் ஸ்பிரிங்க்ளிங் டார்ன் என்னும் உயர்மலைக் குளத்துக்கு அதன் குஞ்சுகள் கொண்டுசெல்லப்பட்டன. வண்டிப்பாதை இல்லாத அம்மலையில் அவற்றைச் சுமந்தவை லாமாக்கள். தென்னமெரிக்கப் பொதிவிலங்குகள் ஆங்கிலேய மீனைக் காக்க வந்த விந்தையைச் செய்தியேடுகள் பெரிதும் ரசித்தன.

2013இல் பாஸந்த்வெயிட்டில் ஓர் இளம் வென்டேஸ் வலையில் அகப்பட்டது. டெர்வென்ட்வாட்டரிலிருந்து வரும் ஆறு பாஸந்த்வெயிட்டில் கலப்பதால், அது அவ்வழியே வந்திருக்கக்கூடும். 1995 முதல் அருகிலுள்ள கெஸிக் ஊரின் கழிவுநீர் நிலையத்தில் பாஸ்பரஸ் நீக்கப்பட்டுவந்தாலும், வண்டலும் ரஃப்பும் அவ்வேரியை விட்டகலவில்லை. லோக் ஸ்கீன் மீன்களைத் தாயகத்துக்குத் திருப்பியனுப்புவதற்கு முன் தீர்க்கப்பட வேண்டியவை அவ்விரண்டுமே.