பக்கவாதமும் கலையும்



நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு விடியற்காலையில் என் வலக்கை எழ மறுத்தது. மனைவியை அழைக்க வாய் திறந்தேன், சொல் வரவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் பேசியே பிழைத்த ஆசிரியன், தன் பெயரையும் சொல்ல மாட்டாதவன் ஆனேன். தூக்கக் கலக்கம் என்று எண்ணி, வீட்டார் நண்பகல் வரை காத்திருந்தனர். அத்தாமதத்தின் விலையை என் வலக்கை இன்றும் செலுத்தி வருகின்றது.

மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபட்டாலும் வெடித்தாலும் பக்கவாதம் உண்டாகின்றது. மூளையின் இடப்பாதி உடலின் வலப்புறத்தை ஆள்கின்றது. வலப்பாதி இடப்புறத்தை ஆள்கின்றது. பெரும்பாலோர்க்குப் பேச்சாற்றல் இடப்பாதியைச் சார்ந்தது. பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1865-இல் இவ்வுண்மையை எடுத்துரைத்தார்.

அவ்வாறாயின் கலையாற்றல் எங்கே உறைகின்றது? அதற்குத் தனி அறை ஒன்றும் இல்லை. பார்வை, செவி, நினைவு, உணர்ச்சி, கைத்திறன் ஆகிய பலவும் கூடியே கலை பிறக்கின்றது. ஆகவே ஒன்று கெட்டாலும் மற்றவை எஞ்சி நிற்றல் கூடும்.

சான்றுகள் சில கூறுவேன். செபாலின் என்னும் ருஷ்ய இசையமைப்பாளர் 1953-இலும் 1959-இலும் பக்கவாதத்திற்கு ஆளானார். பிறர் பேச்சை உணர்வதும், தாம் பேசுவதும் அவருக்கு அரிதாயின. எனினும் 1962-இல் தம் ஐந்தாம் சிம்பொனியை முடித்தார். சொல் வேறு, இசை வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஜெர்மானிய ஓவியர் லோவிஸ் கொரிந்துக்கு 1911-இல் இடப்புறம் செயலிழந்தது. ஓவியரான மனைவியின் துணையால் ஓராண்டுக்குள் மீண்டும் தூரிகை பிடித்தார். அவர் ஓவிய முறை மாறியது, கோடுகள் கட்டவிழ்ந்தன, வண்ணங்கள் வேகம் கொண்டன. 1925-இல் மறையும் வரை அவர் வரைந்தார்.

சுவீடன் நாட்டுக் கவிஞர் டிரான்ஸ்ட்ரோமருக்கு 1990-இல் பேச்சும் வலப்புறமும் போயின. அவர் இடக்கையால் பியானோ வாசித்தார். கவிதை நூல்களும் வெளியிட்டார். 2011-இல் நோபல் பரிசு பெற்றார்.

என் கதை சிறியது. மூன்றாம் வாரத்தில், பேத்தி பாடிய பள்ளி வணக்கப் பாட்டோடு என்னை அறியாமலே சேர்ந்து பாடினேன். பேச வராத வாயில் பாட்டின் சொற்கள் வந்தன! வீட்டார் கண்ணீர் விட்டனர். இது புதுமையன்று, பேச்சிழந்தோர் பலர் பாட வல்லவர். இதனையே அடிப்படையாகக் கொண்டு, இராகம் போட்டுச் சொற்களைப் பழக்கும் பயிற்சி முறையைப் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர் 1973-இல் வெளியிட்டனர். எனக்கும், 'தண்ணீர் வேண்டும்' என்பது முதலில் பாட்டாகவே வந்தது. புவியியல் ஆசிரியனான யான், இந்தியக் கடற்கரையை இடக்கையால் நாள்தோறும் வரைந்து பழகினேன்.

கலை மருந்துக்கு மாற்றன்று. எல்லார்க்கும் ஒரே பயன் தருவதும் அன்று. ஆற்றலை முற்றும் இழந்த கலைஞரும் உளர். ஆனால், பயிற்சியைச் சலிப்பின்றித் தொடர்வதற்கு அது ஒரு காரணம் தருகின்றது. திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியால்தான் மூளை புதிய வழிகளை அமைத்துக்கொள்கின்றது.

மாணவர்களே, ஒன்றை மறவாதீர்கள். முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால், அக்கணமே 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். என் வீட்டார் அறியாததை நீங்கள் அறிந்திருங்கள்.

இப்பேச்சை இடக்கையால் எழுதி, பன்முறை வாய்விட்டுப் படித்த பின்னரே உங்கள் முன் வந்துள்ளேன்.