மூல நட்சத்திரக்காரி மொட்டைமாடியில்

என் நட்சத்திரம் மூலம். பெண்ணுக்கு மூலம் என்றால் மாமனாருக்கு ஆகாது என்று சொல்லி எத்தனை ஜாதகங்கள் திரும்பி வந்தன என்பது என் அம்மாவுக்குத்தான் தெரியும். கடைசியில் மாமனார் இல்லாத வீடாகத் தேடிக் கட்டிக்கொடுத்தார்கள். இத்தனை பாடுபடுத்திய அந்த நட்சத்திரம் வானத்தில் எங்கே இருக்கிறது என்று கோவில்பட்டியில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கூட்டுறவு வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் பார்ப்போமே என்று எனக்கே தோன்றியது.

ஓய்வு பெற்ற பெண்ணுக்கு என்று ஊர் ஒதுக்கி வைத்திருக்கும் வேலைகள் உண்டு: கோயில், சீரியல், பேரப்பிள்ளை. ராத்திரி பத்து மணிக்கு மொட்டைமாடியில் அண்ணாந்து நிற்பது அதில் சேராது. “என்னக்கா, தூக்கம் வரலையா?” என்று பக்கத்து வீட்டு ஜன்னல் கேட்கும். அதையாவது சிரித்து மழுப்பிவிடலாம். வேலைக்காலம் முழுக்கப் பேரேட்டில் பைசா பிசகாமல் பார்த்தவள், ஒன்றுமே தெரியாத இடத்தில் போய் நிற்பதுதான் கூச்சம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் பள்ளி மைதானத்தில் வானம் காட்டியபோது வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். மங்கலான ஒரு நட்சத்திரக் கூட்டம் என் கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. பின்னால் நின்ற பையன் சொன்னான்: “ஆச்சி, நேரா முறைச்சுப் பாக்காதீங்க. கொஞ்சம் தள்ளிப் பாருங்க, அப்பத்தான் தெரியும்.”

தெரிந்தது. விழித்திரையின் நடுப்பகுதி நிறம் பார்க்கவும் நுணுக்கம் பார்க்கவும் ஏற்றது. மங்கிய வெளிச்சத்தைப் பிடிக்கும் செல்கள் அதைச் சுற்றித்தான் நிறைந்திருக்கின்றன. அதனால்தான் ஓரக்கண். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை செல்போனைப் பார்த்தால் அத்தனையும் வீண். டார்ச் வேண்டுமென்றால் அதன் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்ளலாம்.

எடுத்தவுடன் தொலைநோக்கி வாங்க வேண்டியதில்லை. 10x50 பைனாகுலர் ஒன்று போதும். பத்து மடங்கு பெரிதாக்கும். முன் கண்ணாடியின் குறுக்களவு 50 மில்லிமீட்டர். இருட்டில் நம் கண்மணி 7 மில்லிமீட்டர்வரைதான் விரியும். என் வயதில் அதுவும் குறைவு. ஆகவே வெறுங்கண்ணைவிட ஐம்பது மடங்குக்குமேல் வெளிச்சம் சேர்கிறது. பௌர்ணமியைத் தவிர்த்துவிடுங்கள். நிலவையே பார்ப்பதென்றாலும் பாதி நிலாதான் நல்லது. நிழல் நீண்டு விழுவதால் பள்ளங்கள் எடுப்பாகத் தெரியும்.

ஜன்ம நட்சத்திரம் என்பது வேறொன்றுமில்லை, நாம் பிறந்த நேரத்தில் சந்திரன் எந்தத் திசையில் நின்றது என்பதற்கான அடையாளம். சந்திரன் வானத்தை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 27.3 நாள், அதனால் 27 நட்சத்திரம். வைகாசியில் இரவு பத்து மணிவாக்கில் தென்கிழக்கைப் பாருங்கள். தேள் உருவம் ஒன்று எழுந்திருக்கும். அதன் தலைப்பக்கம் அனுஷம். நெஞ்சில் செக்கச்செவேல் என்று கேட்டை. சூரியன் இருக்குமிடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும் அளவு பெரியது. வளைந்த வாலின் கொடுக்குதான் என் மூலம். நூற்றுக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால் எரிந்துகொண்டிருக்கும் அதற்கு எந்த மாமனாரைத் தெரியும்? கொடுக்குக்குச் சற்று இடப்புறம் பைனாகுலரைத் திருப்பினால் ஒரு கைப்பிடி நட்சத்திரங்கள் சிதறிக் கிடக்கும். இரண்டாம் நூற்றாண்டில் வானியலாளர் டாலமி குறித்து வைத்த கூட்டம் அது. நமது பால்வீதியின் மையமும் அந்தப் பக்கம்தான், சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி.

தென்கோடியில் இருப்பதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. துருவ நட்சத்திரம் இங்கே வடக்கே தாழ்ந்து, புழுதியில் மறைந்துவிடும். ஆனால் டெல்லிக்காரர்களுக்கு முழுதாகக் கிடைக்காத தென்சிலுவை, சித்திரை வைகாசி இரவுகளில் நம் மாடியிலிருந்தே தெரியும்.

எனக்குப் பிடித்த மனிதர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் குடும்பத்தில் பிறந்து, சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தில் உதவியாளராக வேலை பார்த்தவர். 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். வானத்தைப் பார்த்துத்தான் பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று வாதாடியவர். நாமோ பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு வானத்தை விட்டுவிட்டோம்.

உங்கள் நட்சத்திரம் ரோகிணியோ திருவாதிரையோ சுவாதியோ, அதுவும் மேலே இருக்கிறது. காலண்டரில் அமாவாசையைப் பார்த்து, அதை ஒட்டிய இரவு ஒன்றில் மாடிக்கு ஏறிப் பாருங்கள். பைனாகுலரை மட்டும் சூரியன் பக்கம் திருப்பிவிடாதீர்கள். நொடியில் பார்வை போய்விடும்.