தார் வேண்டாம், கப்பி ரோடே போதும்! பழைய சைக்கிள்கள் காப்பாற்றிய இத்தாலியச் சாலைகள்

ஊருக்கு ரோடு போடுங்க என்று மனு கொடுப்பதைப் பார்த்திருப்போம். போட்ட ரோடு பெயர்ந்துபோச்சு என்று மறியல் நடப்பதையும் பார்த்திருப்போம். ஆனால், 'இருக்கிற மண் ரோட்டுக்குத் தார் போட்டுடக் கூடாது' என்பதற்காகவே ஒருவர் சைக்கிள் பயணம் ஒன்றைத் தொடங்கிய கதை தெரியுமா?

இது நடந்தது இத்தாலியில், டஸ்கனி மாநிலத்தின் கியாந்தி பகுதியில். புளோரன்ஸ், சியேனா என்ற இரண்டு பழைய நகரங்களுக்கு நடுவே இருக்கும் மலைப்பாங்கான ஒயின் தேசம் அது. இன்று கிராவல் பைக் ஓட்டும் பலருக்கு 'வாழ்நாளில் ஒரு தடவையாவது போயிடணும்' என்ற பட்டியலில் இருக்கும் இடம். அன்று தார் போட்டிருந்தால் இந்தப் பெயர் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

முதல்ல, கிராவல் பைக் என்றால் என்ன?

பைக் என்றதும் மோட்டார் சைக்கிள் என்று நினைக்க வேண்டாம். இது மிதிக்கும் சைக்கிள்தான். பார்ப்பதற்கு, வளைந்த ஹேண்டில்பாருடன் ரேஸ் சைக்கிள் மாதிரியே இருக்கும். வித்தியாசம் டயரில். ரேஸ் சைக்கிளின் டயர் பொதுவாக 25 முதல் 30 மி.மீ. அகலம் இருக்கும். கிராவல் பைக்கில் 40 மி.மீ. அளவுக்குப் போகும். காற்றையும் குறைவாகத்தான் அடிப்பார்கள். அப்போதுதான் டயர் கல்லை அமுக்கிக்கொண்டு போகும், கை நடுங்காது, பிடிமானமும் கிடைக்கும்.

கூடவே டிஸ்க் பிரேக், செங்குத்தான ஏற்றத்திலும் மிதிக்க வசதியான சின்ன கியர். தார் ரோட்டில் வேகமாகப் போகலாம், கப்பி ரோட்டிலும் இறங்கலாம். அவ்வளவுதான் விஷயம். இதற்கென்று தனியாக உலக சாம்பியன்ஷிப் போட்டியே 2022ல் தொடங்கியது. முதல் போட்டி நடந்ததும் இத்தாலியில்தான், வெனெதோ மாநிலத்தில்.

கியாந்தியில் அப்படி என்ன இருக்கு?

குன்று, குன்றின் சரிவில் திராட்சைத் தோட்டம், அடுத்து ஆலிவ் மரங்கள், உச்சியில் கல்லால் கட்டிய சின்ன ஊர். இறங்கினால் மறுபடி ஏற்றம். கையோலே, ராதா, காஸ்தெல்லினா ஆகிய மூன்று ஊர்களும் இடைக்காலத்தில் புளோரன்ஸின் கீழ் 'கியாந்தி லீக்' என்ற அமைப்பாக இருந்தவை. 1716ல் டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ மெதிச்சி, எந்தெந்த ஊர் ஒயினைக் 'கியாந்தி' என்று விற்கலாம் என எல்லை போட்டு ஆணை பிறப்பித்தார்.

இங்குள்ள 'கியாந்தி கிளாசிகோ' ஒயின் பாட்டிலில் ஒரு கருப்புச் சேவல் படம் இருக்கும். அதற்கும் ஒரு கதை சொல்கிறார்கள். புளோரன்ஸும் சியேனாவும் எல்லைக்காக அடித்துக்கொண்டிருந்த காலம். சேவல் கூவியதும் இரண்டு ஊரிலிருந்தும் ஆளுக்கொரு குதிரை வீரன் கிளம்ப வேண்டும், சந்திக்கும் இடம்தான் எல்லை என்று முடிவானது. சியேனா தன் சேவலுக்கு வயிறு நிறையத் தீனி போட்டது. புளோரன்ஸ் தன் கருப்புச் சேவலைப் பட்டினி போட்டது. பசியில் அது விடியும் முன்பே கூவிவிட, புளோரன்ஸ் வீரன் சியேனாவை நெருங்கிவிட்டான். கியாந்தியில் பெரும்பகுதி புளோரன்ஸுக்குப் போனது. உண்மையோ பொய்யோ, பந்தயம் வைத்து எல்லை பிரித்த ஊர் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்த வெள்ளை ரோடுகள் எப்படி வந்தன?

உள்ளூரில் இவற்றை 'ஸ்த்ராதே பியாங்கே' என்கிறார்கள். 'வெள்ளைச் சாலைகள்' என்று அர்த்தம். வெளிறிய கல்லை உடைத்துப் பரப்பியதால் வந்த நிறம் அது. ஆனால், இவை சுற்றுலாவுக்காகப் போட்டவை அல்ல.

டஸ்கனியில் பல நூற்றாண்டுகள் இருந்தது வார சாகுபடி முறை. நிலம் பெரிய குடும்பத்துடையது. உழைப்பு விவசாயிக் குடும்பத்துடையது. விளைச்சலில் பாதிக்குப் பாதி. ஒவ்வொரு விவசாயிக் குடும்பமும் தான் உழும் நிலத்திலேயே, தனியாக ஒரு கல்வீட்டில் வாழ்ந்தது. அந்த வீடுகளையும் நில உரிமையாளரின் மாளிகையையும் ஊரையும் இணைத்த மாட்டுவண்டிப் பாதைகள்தான் இந்த வெள்ளை ரோடுகள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த வாழ்க்கை சரிந்தது. பாதி விளைச்சலை நம்பி வாழ முடியாமல் இளைஞர்கள் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குக் கிளம்பினார்கள். புதிதாக வார ஒப்பந்தம் போடுவதை 1964ல் சட்டம் தடை செய்தது. கல்வீடுகள் பூட்டிக் கிடந்தன. கார் வந்தது, தார் வந்தது. வெள்ளை ரோடுகள் ஒன்றொன்றாகக் காணாமல்போகத் தொடங்கின.

1997ல் என்ன நடந்தது?

கையோலேயைச் சேர்ந்த ஜான்கார்லோ புரோச்சி, மிச்சமிருந்த ரோடுகளைக் காப்பாற்ற ஒரு வழி யோசித்தார். போராட்டம் இல்லை, வழக்கு இல்லை. பழைய சைக்கிளில், பழைய உடையில், பழைய ரோட்டில் ஒரு பயணம். பெயர் 'லெரோய்க்கா'. சைக்கிள் பந்தயத்தின் 'வீர யுகம்' என்பதைக் குறிக்கும் பெயர். முதல் வருடம் வந்தவர்கள் 92 பேர்.

இப்போது ஒவ்வொரு அக்டோபரிலும் உலகம் முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். மக்கள்தொகை 3,000கூட இல்லாத ஊர் அது! விதிமுறை ரொம்ப கறார். சைக்கிள் 1987க்கு முன் தயாரான மாடலாக இருக்க வேண்டும். கியர் லீவர் பிரேம் குழாயில்தான் இருக்க வேண்டும். பிரேக் கேபிள் வெளியே தெரிய வேண்டும். ஆக, புத்தம்புது கிராவல் பைக்குக்கு அன்று அனுமதி இல்லை!

நீண்ட பாதை 209 கி.மீ. அதில் 100 கி.மீ.க்கும் மேல் வெள்ளை ரோடு. இருட்டிலேயே கிளம்பி, வழியோரம் விளக்கு ஏற்றிவைத்த சைப்ரஸ் மரப் பாதையில் புரோலியோ கோட்டைக்கு ஏறுவார்கள். இடையில் நிறுத்தினால் எனர்ஜி ஜெல் கிடைக்காது. ரொட்டி போட்டுக் கொதிக்கவைத்த காய்கறி சூப், ஒயினில் நனைத்து சர்க்கரை தூவிய ரொட்டி என்று பழைய விவசாயி வீட்டுச் சாப்பாடுதான்.

இதைப் பார்த்து 2007ல் தொழில்முறை வீரர்களுக்கான பந்தயமும் வந்தது. இப்போது அதன் பெயரே 'ஸ்த்ராதே பியாங்கே'. 2015 முதல் பெண்களுக்கும் நடக்கிறது. சியேனாவின் பழைய நகருக்குள் நுழைந்து, 16 சதவீதம் வரை செங்குத்தான சந்தில் ஏறி, பியாத்சா தெல் கம்போ சதுக்கத்தில் முடியும். 2018ல் மழையும் சேறுமாக நடந்த பந்தயத்தில், பெல்ஜிய வீரர் வவுட் வான் ஆர்ட் இந்தக் கடைசி ஏற்றத்தில் கால் பிடித்து சைக்கிளோடு சாய்ந்தார். எழுந்து ஓட்டி மூன்றாம் இடம் பிடித்தார்.

அங்கேயே வாழ்பவர்களுக்கு?

இங்கேதான் கதை கொஞ்சம் சிக்கலாகிறது. வார இறுதியில் வந்து போட்டோ எடுப்பவருக்குத் தூசி அழகு. தினமும் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறவருக்கு அதே தூசி தொல்லை. கோடையில் கார் போனால் ரோட்டோரத் திராட்சை இலையெல்லாம் வெள்ளையாகிவிடும். மழையில் கல் அரித்துப்போகும். வாய்க்காலைத் தூர்வாரி, பள்ளத்தை நிரப்பி, மறுபடி சமன் செய்துகொண்டே இருக்க வேண்டும். சும்மா விட்டால் கப்பி ரோடு தானாக வாழாது.

அதனால், 'பழசு அழகு, அப்படியே விடுங்க' என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம். லெரோய்க்கா செய்தது வேறு. ஆள் நடமாட்டம் போய்விட்ட ரோட்டுக்கு மறுபடி ஆட்களைக் கொண்டுவந்தது. வந்தவர்கள் அங்கேயே தங்கினார்கள், சாப்பிட்டார்கள், ஒயின் வாங்கினார்கள். ரோட்டைப் பராமரிக்க ஊருக்கும் ஒரு காரணம் கிடைத்தது.

நீங்க போகணும்னா?

209 கி.மீ. பாதையில் நிரந்தரமாகப் பலகை வைத்திருக்கிறார்கள். வருடம் முழுக்க யாரும், எந்த சைக்கிளிலும் போகலாம். ஒரே நாளில் முடிக்க வேண்டிய அவசியமில்லை. மூன்று, நான்கு நாளாகப் பிரித்துக்கொண்டால் ஊர்களையும் பார்க்கலாம். மொத்த ஏற்றம் 3,500 மீட்டருக்கு மேல் என்பதால் ஓரளவு பயிற்சி கட்டாயம். ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரையும், அறுவடை நடக்கும் செப்டம்பர், அக்டோபரும் நல்ல நேரம். ஜூலை, ஆகஸ்ட் வெயில் வாட்டிவிடும். சைக்கிளை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். புது சைக்கிளில் நிகழ்ச்சியிலும் கலந்துகொள்ள ஆசை என்றால், அதே குழுவின் 'நோவா எரோய்க்கா' இருக்கிறது.

கப்பி ரோடு புதுசா? இறக்கத்தில் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காதீர்கள், சக்கரம் வழுக்கிவிடும். திராட்சைத் தோட்டத்துக்குள் சைக்கிளை இறக்காதீர்கள், அது ஒருவரின் பிழைப்பு. எதிரே டிராக்டர் வந்தால் ஓரம் ஒதுங்கி வழிவிடுங்கள். அந்த ரோடு முதலில் போடப்பட்டது அவர்களுக்காகத்தான்.