பயனர் வினவல்

பயனர் வினவல் என்பது ஒரு மென்பொருள் தன் பணியைத் தொடரும் முன் பயனரிடம் விடையோ ஒப்புதலோ கேட்பதாகும். "இக்கோப்பை அழிக்கலாமா?" எனக் கேட்கும் சாளரம் இதற்கு எளிய எடுத்துக்காட்டு. வினவல் நிறைவேறக் கேள்வி தோன்ற ஒரு திரையும் விடையளிக்க ஒருவரும் தேவை. கணினி தொடங்கும்போதும் பின்னணிப் பணிகளின்போதும் இவ்விரண்டும் இருக்கும் என்ற உறுதி இல்லை. விடை கிடைக்காவிடில் பணி தடைப்படும். ஆகவே இயங்குதளங்கள் இதற்கெனத் தனி வழிமுறைகளைக் கொண்டுள்ளன.

தொடக்கத்தின்போது

வரைகலை இடைமுகம் ஆயத்தமாகும் முன்பே சில வினவல்கள் எழுகின்றன. லினக்சில் கோப்பு முறைமையைச் சோதிக்கும் நிரல், தீங்கின்றித் திருத்தக்கூடிய பிழைகளைக் கேட்காமலே திருத்துகிறது. தரவு இழப்பு நேரக்கூடிய பிழையெனில் முடிவை நிருவாகியிடம் விடுகிறது. மறையாக்கம் செய்யப்பட்ட வன்தட்டின் கடவுச்சொல்லுக்கு ஊகித்த விடை எதுவும் உதவாது. வேறு ஏற்பாடு செய்யப்படாத தொலைதூர வழங்கி, மின்தடைக்குப் பின் கடவுச்சொல்லுக்காகக் காத்து நின்றுவிடும்.

பின்னணியில்

விண்டோசின் பழைய பதிப்புகளில் பின்னணிச் சேவைகள் பயனரின் திரையிலேயே சாளரம் திறக்க முடிந்தது. உயர் அனுமதி பெற்ற அச்சாளரங்கள் வழியே தீய நிரல்கள் நுழைய வாய்ப்பிருந்ததால், 2007 இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த விண்டோசு விசுட்டாவில் சேவைகள் 'அமர்வு 0' எனும் தனி அமர்வுக்கு மாற்றப்பட்டன. அங்கு எழும் வினவல் பயனருக்குத் தெரியாது. எனவே சேவை நேரடியாகக் கேட்காமல், பயனரின் அமர்வில் இயங்கும் துணை நிரல் வழியே கேட்க வேண்டும்.

பாசு லினக்சில்

சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாசு இயங்குதளம் 2007 இல் வெளிவந்தது. இது டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியனில் மென்பொருள் நிறுவலின்போது எழும் கேள்விகளை டெப்கான்ஃப் என்னும் கருவி கையாள்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் குறைவு, நடுத்தரம், உயர்வு, இன்றியமையாதது என்னும் நான்கு முன்னுரிமைகளுள் ஒன்று தரப்படும். குறித்த அளவுக்குக் கீழுள்ளவை கேட்கப்படுவதில்லை. இயல்பு விடையே ஏற்கப்படும். விடைகளை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதிவைக்கலாம். இதனால் ஓர் ஆய்வகத்தின் கணினிகள் அனைத்திலும் ஆளின்றி நிறுவ இயலும். நிருவாகி மாற்றியமைத்த அமைவுக் கோப்பைப் பற்றிக் கேள்வி எழுமெனில், டெபியனின் தானியங்கு மேம்படுத்தல் அப்பொதியைத் தவிர்த்துவிடுகிறது.

அணுகுதன்மை

திரையில் மட்டும் தோன்றிச் சில நொடிகளில் மறையும் வினவல், பார்வையற்றோரை எட்டுவதில்லை. பார்வையும் செவித்திறனும் ஒருங்கே இழந்தோர் பிரெயில் காட்டி வழியே படிப்பதால் அவர்களுக்குக் கூடுதல் நேரம் தேவை. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உடையோருக்காக 2005 இல் முட்டுக்காட்டில் தேசிய நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டது. அத்தகையோர் கணினியைத் தாமே இயக்குவதில் இச்சிக்கல் முதன்மையானது. 2008 இல் வெளியான இணைய உள்ளடக்க அணுகுதன்மை வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பு, நேர வரம்பு முடியுமுன் எச்சரித்து, அதனை நீட்டிக்கக் குறைந்தது 20 நொடி தருவதை ஏற்கத்தக்க முறைகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது.